நாங்குநேரி வெயிலில் ஹெலிகாப்டர் எவ்வளவு தூக்கும்?

"ஒரு ஹெலிகாப்டர் எழும்ப எத்தனை மீட்டர் எடம் விடணும், அண்ணாச்சி?"

நாங்குநேரி டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டவர் இளம் பொறியாளர். தற்காலிக ஹெலிபேட் ஒன்றுக்கு வரைபடம் போடும் வேலை அவரிடம் வந்திருக்கிறது. ஹெலிகாப்டரின் நீளம், மேல் விசிறியின் விட்டம், அதிகபட்ச எடை எல்லாவற்றையும் இணையத்தில் எடுத்துவிட்டார். வட்டம் போட்டு நடுவே எச் எழுத்தும் வரைந்தாயிற்று. எழும்பும் தூரம் மட்டும் எங்கே தேடியும் அகப்படவில்லை. "அது நேரா மேலதானே போகும், அதுக்கு எதுக்குத் தூரம்னு கேக்காங்க. எனக்கும் பதில் சொல்லத் தெரியல" என்றார்.

அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஹெலிபேட் நம் ஊர்களுக்குப் புதிதல்ல. தேர்தல் வந்தால் கல்லூரி மைதானம் ஹெலிபேட் ஆகிறது, வெள்ளம் வந்தால் பள்ளிக்கூட மைதானம் ஆகிறது. வேலிக்கு வெளியே கைக்குழந்தையோடு நின்று பார்ப்பது நம் ஜனங்கள். அந்த வேலியை எங்கே போடுவது என்பது அந்தப் பொறியாளர் தேடும் எண்ணைப் பொறுத்தது.

நேராக மேலே போகும் என்பது பாதி உண்மை. விசிறி காற்றைக் கீழே தள்ளித்தான் வண்டியைத் தூக்குகிறது. தரைக்குப் பக்கத்தில் இருக்கும் வரை, தள்ளிய காற்று தரையில் மோதிப் பரவுவதால் குறைந்த சக்தியிலேயே அந்தரத்தில் நிற்க முடியும். விசிறியின் விட்டம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு உயரம் போனதும் அந்தத் தாங்கல் மறைந்துவிடும். அதற்கு மேல் நிற்க இன்னும் சக்தி வேண்டும். விமானிகள் முதலாவதை ஐ.ஜி.இ. என்பார்கள், இரண்டாவதை ஓ.ஜி.இ. என்பார்கள். எந்த ஹெலிகாப்டரின் கையேட்டிலும் இரண்டுக்கும் தனித்தனி வரைபடம் இருக்கும்.

ஆகவே கனமான ஹெலிகாப்டரை விமானி தரையிலிருந்து சில அடி தூக்கி நிறுத்தி, எஞ்சின்கள் சொன்னபடி கேட்கின்றனவா என்று பார்த்து, மூக்கைச் சாய்த்து முன்னோக்கி ஓட்டுகிறார். 20 நாட் அளவு வேகம் வந்ததும் விசிறிக்குப் புதுக் காற்று கிடைத்து, அதே சக்திக்கு அதிகமாகத் தூக்கத் தொடங்குகிறது. அதற்குப் பிறகுதான் நிம்மதியான ஏற்றம். இந்த ஓட்டத்துக்கு இடம் வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டமும் தூத்துக்குடியும் மூழ்கியபோது இதன் மறுபக்கத்தை நாம் பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது. ஹெலிகாப்டர்கள் வந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. எங்கும் தண்ணீர், மரம், மின்கம்பி. இறங்க இடமில்லாதபோது தரைத்தாங்கல் சிறிதும் இல்லாமல், முழு எடையையும் எஞ்சின் சக்தியிலேயே தாங்கி உயரத்தில் நிற்க வேண்டும். எத்தனை பொட்டலம், எத்தனை ஆள் என்பதை ஓ.ஜி.இ. வரைபடம்தான் முடிவு செய்யும். மழைநாளின் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அந்த ஒன்று மட்டும் இயந்திரத்துக்குச் சாதகம். அதே வேலையை மே மாத நண்பகலில் செய்யச் சொன்னால் சுமையைக் குறைத்தாக வேண்டும்.

ஏன் குறைக்க வேண்டும்? விற்பனைப் புத்தகத்தில் அச்சிட்ட எண்கள் பெரும்பாலும் கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்துக்கு உரியவை. உலகம் முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒரு பொது அளவு வைத்திருக்கிறார்கள். நாங்குநேரியில் மார்கழி விடியலில்கூட 15 டிகிரி கிடைப்பது அரிது. 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி அந்தப் பொது அளவைவிட 8 விழுக்காடு குறைவு. விசிறி பிடித்துத் தள்ளக் காற்று குறைகிறது. சூடு ஏறும்போது எஞ்சினும் முழு சக்தியைத் தர முடியாது, ஏனென்றால் அதன் டர்பைன் தாங்கும் வெப்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. தேவை கூடும் அதே நேரத்தில் வரவு குறைகிறது.

இதைக் கணக்காகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பொது அளவின்படி ஒவ்வொரு 1,000 அடிக்கும் வெப்பம் ஏறக்குறைய 2 டிகிரி குறைய வேண்டும். அங்கே இருக்க வேண்டிய வெப்பத்தைவிட எத்தனை டிகிரி கூடுதலோ, அதை 120-ஆல் பெருக்கி, உயரத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். நாங்குநேரி கடல்மட்டத்திலிருந்து சில நூறு அடிதான். கணக்குக்கு 400 அடி என்று வைப்போம். அந்த உயரத்தில் இருக்க வேண்டியது 14 டிகிரி. இருப்பது 40 என்றால் 26 டிகிரி கூடுதல். 26 தடவை 120 என்றால் 3,120. அதோடு 400 சேர்த்தால் சுமார் 3,500 அடி. மைதானத்தில் நிற்கும் ஹெலிகாப்டர், மாஞ்சோலைக்குப் போகும் மலைப்பாதையில் பெரும்பகுதி ஏறிவிட்டதைப் போன்ற காற்றில் நிற்கிறது. இதை அடர்த்தி உயரம் என்பார்கள். இது தோராயக் கணக்குதான். உண்மையான முடிவைக் கையேட்டின் வரைபடத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கு பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு விசாரணை அறிக்கை இருக்கிறது. 2017 மே 25, அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் சில நாள் இருந்த நேரம். மகாராஷ்டிராவின் லாத்தூர் மாவட்டத்தில் நிலங்கா என்ற ஊர். அப்போது முதலமைச்சராக இருந்த தேவேந்திர ஃபட்னாவிஸ் ஏறிய சிக்கோர்ஸ்கி எஸ்-76 ஹெலிகாப்டர் தற்காலிக ஹெலிபேடிலிருந்து எழும்பியது. சிறிது உயரம் போனதும் ஏற முடியாமல் இறங்கி, மின்கம்பிகளில் சிக்கி, குடியிருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. உள்ளே இருந்த அனைவரும் உயிர் தப்பினார்கள். விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரித்தது. அந்த வெப்பத்துக்கும் உயரத்துக்கும் தூக்கக்கூடியதைவிட அதிக எடையோடு ஹெலிகாப்டர் எழும்பியது என்பது அதன் முக்கியமான முடிவு.

எஸ்-76 சி++ இரண்டு எஞ்சின் கொண்ட நல்ல இயந்திரம். அதிகபட்ச எழும்பும் எடை சுமார் 5,300 கிலோ என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கும். லாத்தூர் தக்காணப் பீடபூமி. தரையே ஏறக்குறைய 2,000 அடி உயரம். அங்கே 40 டிகிரி என்று வைத்துக்கொண்டு மேலே சொன்ன கணக்கைப் போட்டால் அடர்த்தி உயரம் 5,400 அடியைத் தாண்டும். காற்றின் அடர்த்தி 14 விழுக்காடு குறைவு. அச்சிட்ட உச்ச எடை ஒன்று, அன்றைய நண்பகலின் உச்ச எடை வேறு. இரண்டாவது எண் எந்த விளம்பரத் தாளிலும் இருக்காது. அன்று காலையில் யாராவது உட்கார்ந்து வரைபடத்தில் கோடு இழுத்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கோடு இழுப்பது கடினமல்ல. எடை, உயரம், வெப்பம் மூன்றும் சேர்ந்த அந்த வரைபடத்தை டபிள்யூ.ஏ.டி. என்று எழுத்துக்கூட்டிச் சொல்வார்கள். ஓர் அச்சில் வெப்பம் இருக்கும். 40-இலிருந்து நேராக மேலே போய் அந்த இடத்தின் உயரத்துக்கு உரிய வளைகோட்டைத் தொட வேண்டும். அங்கிருந்து பக்கவாட்டில் திரும்பினால் எடை கிடைக்கும். காலி வண்டி, விமானிகள், எரிபொருள், பயணிகள், பெட்டி எல்லாம் சேர்ந்து அந்த எடைக்குள் அடங்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டருக்கு மேலே இருக்கும் கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டரில் போகும் பக்தர்களை எடை இயந்திரத்தில் நிறுத்திப் பார்த்து ஏற்றுவது இதனால்தான்.

பொறியாளர் கேட்டது தூரத்தை. அதற்கு இப்போது வருகிறேன். இந்த இடத்தில் டீ ஆறினாலும் பரவாயில்லை என்று அவரை நிதானமாகக் கேட்கச் சொன்னேன்.

எல்லாம் நன்றாக இருக்கும்போது ஹெலிகாப்டர் எவ்வளவு இடத்தில் எழும்பும் என்பதை வைத்து ஹெலிபேடை வரையக் கூடாது. எழும்பும் நடுவில் ஓர் எஞ்சின் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை வைத்து வரைய வேண்டும். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு ஹெலிகாப்டர் இயக்கத்தை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறது. முதல் வகுப்பில், எந்த நொடியில் ஓர் எஞ்சின் நின்றாலும் ஹெலிகாப்டர் ஒதுக்கிய இடத்திலேயே பத்திரமாக இறங்க முடியும், இல்லாவிட்டால் மீதி எஞ்சினில் தொடர்ந்து பறந்து போக முடியும். இரண்டாம் வகுப்பிலும் பெரும்பாலும் அப்படியே; எழும்பும் தொடக்கத்திலும் இறங்கும் கடைசியிலும் மட்டும் கட்டாயமாக இறங்க நேரலாம். மூன்றாம் வகுப்பில் எப்போது எஞ்சின் நின்றாலும் இறங்கியே ஆக வேண்டும். ஒற்றை எஞ்சின் வண்டிகளெல்லாம் இந்த மூன்றாம் வகுப்புதான்.

முதல் வகுப்பில் ஒரு முடிவுப் புள்ளி உண்டு. டி.டி.பி. என்பார்கள். அந்தப் புள்ளிக்கு முன் எஞ்சின் நின்றால் விமானி எழும்புவதைக் கைவிட்டு இறங்கி நிறுத்துகிறார். அதுவரை ஓடியதும் இறங்கி நிற்க எடுத்ததும் சேர்ந்ததுதான் கைவிட்ட எழும்பல் தூரம். புள்ளியைக் கடந்த பிறகு நின்றால் ஒரே எஞ்சினில் வேகம் பிடித்து 35 அடி உயரத்தை அடைய வேண்டும். பிறகு 200 அடியில் நிமிடத்துக்கு 100 அடி வீதமாவது, 1,000 அடியில் 150 அடி வீதமாவது ஏற முடிய வேண்டும். பெரிய ஹெலிகாப்டர்களுக்கு ஏ பிரிவுச் சான்று கொடுக்கும் விதிகள் கேட்பது இதைத்தான்.

தேடுகிறவர்களைக் குழப்புவது இங்கேதான். ஒரே ஹெலிகாப்டருக்கு, ஒரே நாளில், இரண்டு மூன்று விடைகள் இருக்கும். திறந்தவெளி முறையில் முன்னோக்கி ஓடி எழும்பினால் அதிக எடை தூக்கலாம். ஆனால் தூரம் பல நூறு மீட்டர் வரை போகலாம். ஹெலிபேட் முறையில், கீழே உள்ள வட்டம் கண்ணிலிருந்து மறையாமல், செங்குத்தாகவோ கொஞ்சம் பின்வாங்கியபடியோ முடிவுப் புள்ளிவரை ஏறுவார்கள். எஞ்சின் நின்றால் அதே வட்டத்துக்குத் திரும்பி இறங்கிவிடலாம். இடம் கொஞ்சம் போதும், ஆனால் தூக்கும் எடை குறைந்துவிடும். பின்வாங்கி ஏறும் முறைக்கு முதுகுப் பக்கமும் மரம், கம்பம் இல்லாத வெளி வேண்டும். வரைபடத்தில் முன்பக்கத்தை மட்டும் காலி செய்துவிட்டுப் பின்பக்கத்தில் பந்தல் போட இடம் ஒதுக்குவது ஆபத்து.

ஆக, "இந்த ஹெலிகாப்டருக்கு எத்தனை மீட்டர்" என்ற கேள்விக்கு விடை கிடையாது. "இந்த எடையில், இந்த வெப்பத்தில், இந்த உயரத்தில், இந்த முறையில் எழும்ப எத்தனை மீட்டர்" என்று கேட்டால் விடை உண்டு.

"அந்த விடை எந்தப் புத்தகத்துல இருக்கு அண்ணாச்சி?"

ஃபிளைட் மேனுவல் என்ற கையேட்டில் இருக்கிறது. ஆர்.எஃப்.எம். என்று சுருக்கிச் சொல்வார்கள். அதில் செயல்திறன் என்றே ஒரு பகுதி உண்டு. ஏ பிரிவு எழும்பல் தூரங்கள் பல வண்டிகளுக்கு முதன்மைப் பகுதியில் இருக்காது. பின்னிணைப்பாக வரும் துணைப்பகுதியில் இருக்கும். முன்பகுதியை மட்டும் புரட்டிவிட்டு இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். மோட்டார் வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் எப்படியோ அப்படி, இந்தக் கையேடு குறிப்பிட்ட அந்த ஒரு ஹெலிகாப்டரின் வரிசை எண்ணோடு சேர்ந்தது. அதே மாடலில் பக்கத்தில் நிற்கும் இன்னொரு வண்டியில் தூசு வடிகட்டி பொருத்தியிருந்தால் எஞ்சினுக்குப் போகும் காற்று குறைந்து சக்தியும் குறையும். அதற்கான துணைப்பகுதி வேறு. செம்மண் மைதானங்களில் இறங்கும் வண்டிகளுக்கு அந்த வடிகட்டி அவசியம் என்பதால், இது நம் பக்கத்துக்கு முக்கியமான செய்தி.

இணையத்தில் பழைய கையேடுகளின் நகல் சுற்றிக்கொண்டிருக்கும். வரைபடம் எப்படி இருக்கும் என்று படித்துப் பழக அது உதவும். ஹெலிபேட் வரைய அதை எடுக்கக் கூடாது. கையேடு திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். எந்தத் திருத்தம் என்று தெரியாத எண்ணை நம்பி ஆளை ஏற்ற முடியாது. வகைச் சான்றிதழ்த் தாள் என்று ஒன்று எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. அதில் எடை வரம்பும் எஞ்சின் வரம்பும் கிடைக்கும், எழும்பும் தூரம் கிடைக்காது. தயாரிப்பாளர்கள் திட்டமிடுவோருக்குக் கொடுக்கும் தொழில்நுட்பக் குறிப்புகள் முதல் மதிப்பீட்டுக்கு நல்லவை. கடைசி வார்த்தையை அவற்றிலிருந்து எடுக்க வேண்டாம்.

சரியான வழி, ஹெலிகாப்டரை இயக்கும் நிறுவனத்துக்கு எழுத்தில் எழுதிக் கேட்பது. வெறும் மாடல் பெயரைப் போட்டுக் கேட்டால் விளம்பரத் தாள்தான் திரும்பி வரும். இங்கே எதிர்பார்க்கும் உச்ச வெப்பத்தை நாமே எழுத வேண்டும். பாளையங்கோட்டை வானிலை நிலையத்தின் மே, ஜூன் பதிவுகளிலிருந்து அதை எடுக்கலாம். இடத்தின் உயரத்தை எழுத வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு எரிபொருளோடு எழும்புவார்கள் என்று கேட்க வேண்டும். திரும்பிப் போய்ச் சேர எரிபொருள் இங்கே கிடைக்காது என்பதால், வந்த வண்டி போகும்போதும் கனமாகவே இருக்கும். காற்று இல்லை என்று வைத்துக்கொண்டு, எந்த முறையில் எழும்புவார்கள், கைவிட்ட எழும்பல் தூரம் என்ன, ஓர் எஞ்சினில் ஏறும் வீதம் என்ன என்று கேட்க வேண்டும். பதிலோடு கையேட்டின் பக்க எண்ணும் திருத்த எண்ணும் வர வேண்டும். இராணுவ ஹெலிகாப்டர் வருவதாக இருந்தால் இடத்துக்கான தேவைகளை விமானப்படையே சொல்லும்; எம்.ஐ.-17 போன்ற வண்டி விசிறியோடு சேர்த்து 25 மீட்டர் நீளத்தைத் தாண்டும்.

பல வகை வண்டிகள் வரும் இடமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எது நீளமானதோ அதுவே அதிகத் தூரமும் கேட்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வட்டத்தின் அளவைப் பெரிய வண்டி முடிவு செய்யும். தூரத்தை, எஞ்சின் சக்தி குறைந்த சிறிய வண்டி முடிவு செய்யலாம்.

காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று ஏன் சொன்னேன்? ஆடிக் காற்று அடிக்கும் ஊர் இது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலிருந்து பணகுடி, ராதாபுரம் வரை காற்றாலைகள் நிற்கின்றன. எதிர்க்காற்று ஹெலிகாப்டருக்கு உதவும் என்பது உண்மை. ஆனாலும் ஐரோப்பிய விதிகள் எதிர்க்காற்றில் பாதியைத்தான் வரவில் எழுத விடுகின்றன. பின்காற்றை ஒன்றரை மடங்காகச் செலவில் எழுதச் சொல்கின்றன. காற்று சொன்னபடி கேட்காது என்பதால் அந்த எச்சரிக்கை. நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. தென்மேற்குக் காற்றை எதிர்த்து எழும்பினால் முகம் மகேந்திரகிரி, களக்காடு மலைகளின் பக்கம் இருக்கும். மலையைத் தாண்டி வரும் காற்று இந்தப் பக்கம் இறங்கும்போது சுழலும், கீழேயும் அமுக்கும். எதிர்க்காற்று என்று எண்ணிக் கூடுதல் எடை ஏற்றியவருக்கு அங்கே கை கொடுக்க எதுவும் இருக்காது. மேற்கே மலை, வடகிழக்குப் பருவத்தில் எதிர்த்திசைக் காற்று: இரண்டையும் பார்த்து, எழும்பும் பாதையைக் குறைந்தது இரண்டு திசைக்கு வரைவது நல்லது.

தூரம் கிடைத்துவிட்டது என்று வைப்போம். அடுத்து, அந்த எல்லையிலிருந்து வானத்தை நோக்கி ஒரு சாய்வுக் கோடு வரைய வேண்டும். முதல் வகுப்பு இயக்கத்துக்கு ஏற்றதாகப் பன்னாட்டு அமைப்பின் ஹெலிபோர்ட் விதிநூல் தரும் சாய்வு 4.5 விழுக்காடு. 1,000 மீட்டர் தள்ளிப் போனால் 45 மீட்டர் உயரம் என்று பொருள். அந்தக் கோடு 3,386 மீட்டர் தூரத்தில் 152 மீட்டர் உயரத்தை அடையும் வரை நீளும். கோட்டை எதுவும் துளைக்கக் கூடாது.

இதை நாங்குநேரி நிலத்தில் வைத்துப் பாருங்கள். இறக்கையின் நுனி 120 மீட்டர் உயரம் தொடும் ஒரு காற்றாலை, எழும்பும் பாதையின் நேரே நின்றால், சுமார் 2,700 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். நான்குவழிச் சாலையைக் கடக்கும் 30 மீட்டர் உயர மின்கோபுரம் 670 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். கோபுரத்தைவிட அதிலிருந்து போகும் கம்பிதான் கண்ணுக்குத் தெரியாது. நிலங்காவில் சிக்கியதும் கம்பியில்தான். விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் கோபுரங்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்கு இழுகம்பிகளோடு நிற்கின்றன. அவை இந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தாலும், ஓர் எஞ்சினில் தடுமாறி ஏறும் வண்டி எந்தப் பக்கம் திரும்பலாம், எந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்பதை அவைதான் தீர்மானிக்கும்.

பொறியாளர் தன் வரைபடத்தை மறுபடி விரித்தார். மைதானத்துக்கு வெளியே தாளில் இடமே இல்லை, சுவரோடு நின்றிருந்தது. இன்னொரு தாளை ஒட்டி, நான்கு திசையிலும் மூன்றரை கிலோமீட்டர் வரை காட்டும்படி சொன்னேன். அதில் கம்பங்களையும் செல்போன் கோபுரங்களையும் காற்றாலைகளையும் உயரத்தோடு குறிக்க வேண்டும், குறித்த தேதியைப் போட வேண்டும். அளந்த நாளுக்கும் ஹெலிகாப்டர் வரும் நாளுக்கும் நடுவில் ஒரு கம்பம் புதிதாக நட்டிருக்கிறார்களா என்று, வண்டி வருவதற்கு முந்தின நாள் அந்தப் பாதை முழுக்க ஓர் ஆள் நடந்து போய்ப் பார்த்து வர வேண்டும்.